பிடி அறிந்த கை

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் சாலையில், கொண்டைஊசி வளைவுகள் தொடங்குவதற்கு முன்னர் வருகிற ஊர் வித்துரா. இவ்வூர் மக்களுக்கு ஏறுதல் என்பது பெரும்பாலும் தொழில். தென்னையில் ஏறுகிறார்கள், கமுகில் ஏறுகிறார்கள். அகத்தியமலைக் காட்டின் காணிகள் தேனுக்காக மரத்திலும் பாறையிலும் ஏறுகிறார்கள். சங்க காலத்திலும் இத்தொழில் இருந்தது. தேனெடுக்க மலைச்சரிவில் சார்த்திய கண்ணேணியை மலைபடுகடாம் 'மால்பு' என்கிறது. இந்த வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்தவர்கள் பாறையேற்றத்தை விளையாட்டாகக் கொண்ட இளைஞர்கள். 2008இல் தொடங்கப்பட்ட இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையான வளாகம் வித்துராவின் மருதாமலையில் அமைந்தபின், பெங்களூரிலும் புனேயிலும் செயற்கைச் சுவரில் ஏறிப் பழகிய கைகள் இங்கும் வரத் தொடங்கின.

அப்படி வந்த ஓர் ஆய்வு மாணவரை நினைத்துக்கொள்ளலாம். கல்லாற்றின் பாறைகள் நீர் உருட்டி வழவழப்பாக்கியவை; அவற்றை உள்ளங்கை அகலத்தால் அணைத்துத்தான் ஏற முடியும், விரல்நுனிக்கு அங்கே அதிக வேலை இல்லை. ஆகவே விரல்களுக்குத் தனிப்பயிற்சி தேவை என்று கருதி, விடுதி அறையின் கதவுச்சட்டத்திற்கு மேலே 20 மில்லிமீட்டர் அகலமுள்ள மரப்பட்டை ஒன்றை அறைந்து, அதில் விரல்நுனிகளால் தொங்குகிறார். ஒருநாள் மோதிரவிரலுக்குள் 'டப்' என்றொரு சிறு ஓசை. பக்கத்தில் நின்றவருக்கும் அது கேட்கிறது. வலி உடனே பெரிதாக இல்லை. மறுநாள் காலையில் விரலின் அடிக்கணு வீங்கியிருக்கிறது. பல்துலக்கியைப் பிடிக்க முடிகிறது, வாளியைத் தூக்க முடியவில்லை.

பாறையேறிகளிடம் மிகுதியாகக் காணப்படும் விரல்காயம் இது. விரலை மடக்கும் தசை முன்கையில் இருக்கிறது. அதன் இழுப்பை விரல்நுனிவரை கொண்டுசெல்வது தசைநாண். அந்த நாண் எலும்பை விட்டு விலகாதபடி ஆங்காங்கே வளையங்கள் அதைக் கட்டி நிறுத்துகின்றன. மருத்துவ நூல்கள் அவற்றைக் கப்பி என்றே அழைக்கின்றன. தூண்டிற்கழியில் நரம்பு செல்வதற்குப் பொருத்தியிருக்கும் வளையங்களைப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு எளிதில் விளங்கும். ஐந்து முக்கிய வளையங்களுள் அடிக்கணுவில் இருக்கும் இரண்டாவதற்கு ஏ2 என்று பெயர். ஒரு நகக்கண் அகலமே உள்ள விளிம்பில் விரல்களை நடுமூட்டில் கூர்மையாக மடித்துப் பிடிக்கும் பிடியைப் பாறையேறிகள் 'கிரிம்ப்' என்பார்கள். அந்த மடிப்பில் நாண் வில்லிலிருந்து விலகும் கயிறுபோல் வெளியே தள்ள முனைகிறது. அத்தனை தள்ளலையும் தாங்குவது பெரும்பாலும் ஏ2 வளையந்தான். அது கிழிந்தால் கேட்கும் ஓசை அது.

அன்றாட வாழ்வில் இப்படி விரல் மடித்து உடல் எடையைத் தாங்குபவர் எவரும் இல்லை. ஆதலால் பொதுமருத்துவர் ஒருவர் தம் பணிக்காலம் முழுவதும் இக்காயத்தைக் காணாமலே இருந்துவிடக் கூடும். அதற்காக அவரைக் குறைசொல்ல இயலாது. மாணவர் செல்லும் முதலிடத்தில் எக்ஸ்ரே எடுக்கிறார்கள். கப்பி எலும்பன்று, எக்ஸ்ரேயில் தெரியாது. "எலும்புக்கு ஒன்றுமில்லை, சுளுக்குத்தான்" என்ற விடை கிடைக்கிறது. இரண்டாம் இடத்தில் மெழுகு ஒத்தடமும் மின்சிகிச்சையும். மூன்றாம் இடத்தில், "இனிமேல் இதெல்லாம் எதற்கு, படிப்பைக் கவனிக்கக் கூடாதா?" என்னும் அறிவுரை. மூன்று இடங்களிலும் நல்லெண்ணத்துக்குக் குறைவில்லை. ஆனால், "எப்படிப் பிடித்தீர்கள், காட்டுங்கள்" என்ற கேள்வி எவரிடமிருந்தும் வரவில்லை.

கேள்வி வந்தாலும் விடை எந்த மொழியில் போய்ச் சேரும் என்பது இன்னொரு சிக்கல். மலையாளத்தில் உடல்நோவுக்குப் பொதுச்சொல் 'வேதன'. தமிழர் காதில் வேதனை என்பது பெரும்பாலும் மனத்துக்குரியது. கைவிரலுக்கு வேதனை உண்டா என்று கேட்டால் சிரிப்பு வந்துவிடும். மறுபுறம், தமிழர் 'வலிக்கிறது' என்று சொல்லும்போது மலையாளக் காது அதை 'இழுக்கிறது' என்று கேட்கக் கூடும். அங்கே வலிக்குதல் என்றால் இழுத்தல். அந்தப் பொருள் தமிழுக்கும் அயலானதன்று, துடுப்பு வலித்தல் என்று இன்றும் சொல்கிறோம். வீக்கத்துக்கு அவர்கள் சொல்லும் சொல் 'நீரு'. தமிழர் தண்ணீரை நினைப்பார். மரத்துப்போவதற்கு அங்கே 'தரிப்பு'. யாழ்ப்பாணத் தமிழருக்கு அது பேருந்து நிற்கும் இடத்தை நினைவூட்டும். எல்லைப்பகுதியின் மருத்துவர்கள் இரு மொழியும் அறிந்தவர்கள், ஆகையால் பெரும்பாலும் பேச்சு சரியாகிவிடும். ஆயினும் இந்தக் காயத்தில் வலியும் இழுப்பும் வேறுவேறு செய்திகள். விரலை அழுத்தும்போது நோகிறதா, பொருளை இழுக்கும்போது நோகிறதா, மடக்கும்போது நாண் வெளியே புடைத்து இழுப்பதுபோல் இருக்கிறதா என்பதைப் பிரித்தறிந்தால்தான் எது கிழிந்தது என்று ஊகிக்க முடியும்.

நோவுக்குச் சொல் தேடும் முயற்சி மருத்துவத்தில் புதிதன்று. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் ரொனால்டு மெல்சாக் 1975இல் வெளியிட்ட வலி வினாப்படிவத்தில் 78 சொற்கள் 20 தொகுதிகளாக அடுக்கப்பட்டிருந்தன: குத்துவது, எரிவது, துடிப்பது, பிசைவது எனப் பலவாறாக. தமிழுக்கும் இதில் வறுமை இல்லை. கடுப்பு, குடைச்சல், உளைச்சல், சுரீர், விண்விண் ஆகிய ஒவ்வொன்றும் ஒவ்வொரு நோவு. மருத்துவமனையின் வாசலைத் தாண்டியதும் இவை அனைத்தையும் விட்டுவிட்டு 'பெயின்' என்ற ஒற்றைச் சொல்லோடு படித்தவர்கள் உள்ளே போகிறார்கள் என்பதுதான் வியப்பு.

பாறையேறிகளின் கையை அறிந்த மருத்துவம் எங்கே, எப்படித் தோன்றியது என்று பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். மருத்துவர்கள் நூலில் படித்துவிட்டு இவர்களைத் தேடிப் போகவில்லை. 1980களின் இறுதியில் பிரித்தானிய எலும்பு அறுவை மருத்துவர் ஸ்டீவ் போலன், தீவிரப் பாறையேறிகளின் மென்திசுக் காயங்களைப் பற்றியும் ஏ2 கப்பியைப் பற்றியும் கட்டுரைகள் எழுதினார். ஏறக்குறைய அதே காலத்தில் செருமனியின் பிராங்கன்யூரா என்னும் சுண்ணாம்புப்பாறை நிலத்தில் ஏறுதலின் கடுமை உச்சத்துக்குச் சென்றது. அங்குள்ள பாறைகளில் ஒரு விரலோ இரு விரலோ மட்டும் நுழையும் குழிகள் ஏராளம். வோல்ஃப்காங் குல்லிச் என்ற பாறையேறி, கால்களைப் பயன்படுத்தாமல் மரப்பட்டைகளில் கையால் மட்டும் தாவி ஏறும் பயிற்சிப்பலகையை 1988இல் நியூரம்பர்க்கின் ஓர் உடற்பயிற்சிக்கூடத்தில் அமைத்தார். 1991இல் 'ஆக்சியோன் டிரெக்ட்' என்ற வழியை ஏறி முடித்தார். உலகின் முதல் 9ஏ தரத்து வழிகளுள் ஒன்றாக அது மதிக்கப்படுகிறது. அந்தப் பாறைகளுக்கு அருகிலுள்ள நகரம் பாம்பெர்க். பாறையேற்றக் காயங்களில் இன்று உலகம் மேற்கோள் காட்டும் மருத்துவர் வோல்க்கர் ஷோஃபிள் பணியாற்றியது அந்நகரில், அவரும் பாறையேறி. பாறை இருந்த ஊரில் காயம் இருந்தது, காயம் இருந்த ஊரில் மருத்துவர் உருவானார்.

1998 முதல் 2001 வரை தம்மிடம் வந்த 604 பாறையேறிகளின் காயங்களை அவரும் அவருடைய குழுவினரும் வகைப்படுத்தி 2003இல் வெளியிட்டார்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒன்று கப்பிக்காயம். அவற்றை நான்கு படிகளாகப் பிரித்தார்கள்: வெறும் நீட்சி முதலாவது, ஒன்றுக்கு மேற்பட்ட கப்பிகள் அறுந்துபோவது நான்காவது. முதல் மூன்று படிகளுக்கு அறுவை வேண்டாம், நான்காவதற்கே அது பரிந்துரைக்கப்பட்டது. எந்தப் படி என்பதை அறிய எளிய வழி அல்ட்ராசவுண்டு. விரலை எதிர்ப்புக்கு எதிராக மடக்கச் செய்து, எலும்புக்கும் நாணுக்கும் இடையிலுள்ள தொலைவை அளக்கிறார்கள். 2 மில்லிமீட்டரைத் தாண்டினால் கப்பி அறுந்திருக்கக் கூடும். இந்தக் கருவி இல்லாத தாலுகா ஊர் கேரளத்தில் அரிது. குறையாக இருப்பது, "மடக்கி எதிர்க்கச் சொல்லிப் பாருங்கள்" என்று ஸ்கேன் சீட்டில் எழுதும் கை மட்டுமே. அமைதியாக மேசைமேல் கிடக்கும் விரலை ஸ்கேன் செய்தால் அறுந்த கப்பியும் ஒழுங்காக இருப்பதுபோல் தோன்றிவிடும்.

சிகிச்சையும் பெரிய இரகசியம் அன்று. 2007இல் ஈசா ஷோஃபிளும் உடனாய்வாளர்களும், விரலைச் சுற்றி எச் எழுத்து வடிவில் பசைநாடா ஒட்டினால் நாண் எலும்பைவிட்டு விலகுவது குறைகிறது என்று காட்டினார்கள். சுவிட்சர்லாந்தின் கை அறுவை மருத்துவர் ஆந்திரேயாஸ் ஷ்வைட்சர், விரலின் இருபக்கமும் அழுத்தாமல் நாணை மட்டும் எலும்போடு சேர்த்துப் பிடிக்கும் சிறு வளையப்பட்டை ஒன்றை உருவாக்கி, அதைக்கொண்டு குணமானவர்களைப் பற்றி 2016இல் எழுதினார். பிறகு வாரக்கணக்கில் படிப்படியான சுமை. முற்றான ஓய்வு கொடுத்தால் நாணும் கப்பியும் மெலிந்துபோகும். அவசரப்பட்டால் மறுபடி கிழியும். இவ்விரண்டுக்கும் இடையே நாள்தோறும் எவ்வளவு எடை, எந்தப் பிடியில், எத்தனை நொடி என்று சொல்லத் தெரிந்தவரே பாறையேறிக்கு வேண்டிய இயன்முறை மருத்துவர். "ஏறாதே" என்று மட்டும் சொல்பவரிடம் அந்தக் கணக்கு இல்லை.

அப்படிப்பட்டவர் வித்துராவில் யார்? பெயர்ப்பலகையில் 'பாறையேறிகளுக்கான சிகிச்சை' என்று எழுதியவரைத் தேடினால் கிடைக்கமாட்டார். பெங்களூரிலோ வெளிநாட்டிலோ இருப்பவரைக் காணொளியில் கலந்துகொள்ளலாம். ஆனால் திரைக்கு அப்பாலிருந்து கணுவைத் தொட்டு அழுத்திப் பார்க்க முடியாது. ஆனால், தேடும் பெயரை மாற்றிக்கொண்டால் காட்சியும் மாறுகிறது. நெடுமங்காட்டுப் பக்கத்தில் பல்லாண்டு பணியாற்றிய எந்த இயன்முறை மருத்துவரும் ஏறுபவர்களின் உடலைத் தொட்டுத் தொட்டுப் பழகியவரே. தளப்பு என்னும் கயிற்றுவளையத்தைக் காலில் மாட்டித் தென்னையேறுபவரின் பாதம், இடுப்பு, தோள்பட்டை அவருக்குத் தெரியும். கன்னியாகுமரிப் பக்கத்துப் பனையேறியின் நெஞ்சுக்காய்ப்பும் தெரியும். தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் 'தெங்கின் சங்ஙாதிக்கூட்டம்' என்ற திட்டத்தைத் தொடங்கி, இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் ஏறுகருவியில் பயிற்சி அளித்தபின், இடுப்பும் முழங்காலும் வேறுவகையாக நோகும் புதிய ஏறிகளும் வந்திருப்பார்கள். செம்பேரியைச் சேர்ந்த உழவர் ஒருவர் வடிவமைத்த கருவிவகை அதில் புகழ்பெற்றது. தளப்பில் ஏறுபவருக்கும் கருவியில் ஏறுபவருக்கும் நோகும் இடம் ஒன்றன்று என்பதைக் கவனித்த மருத்துவருக்கு, கிரிம்புக்கும் திறந்த பிடிக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லித்தரப் பத்து நிமிடம் போதும்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். பாறையேறும் மாணவருக்கு விரல் போனால் போவது விளையாட்டு. தென்னையேறிக்குப் போவது கூலி. "மூன்று மாதம் ஏறாதீர்கள்" என்ற அதே வாக்கியம் இவ்விருவருக்கும் ஒரே பொருளில் விழுவதில்லை. தென்னையேறியின் நோவுக்குக் கணக்குப்போட்டுப் பழகிய மருத்துவர், இரண்டு வாரத்தில் எந்த மரத்தில் ஏறலாம், எதில் கூடாது என்று பேரம்பேசக் கற்றிருப்பார். பாறையேறிக்கும் தேவைப்படுவது அதே பேரந்தான்.

வித்துராவுக்கு அருகிலுள்ள பாலோட்டுத் தாவரவியல் நிறுவனத்தாருக்கு நன்கு தெரிந்த ஒரு செய்தி உண்டு. 1987இல் அகத்தியமலையில் ஆய்வுக்குழுவுடன் நடந்த காணிகள், களைப்பின்றி ஏறிக்கொண்டே ஏதோ ஒரு சிறுகாயைத் தின்றார்கள். களைத்துப்போன ஆய்வாளர்கள் கேட்ட பிறகே 'ஆரோக்கியப்பச்சை' என்ற செடி வெளியுலகுக்குத் தெரிந்தது. பின்னர் அதிலிருந்து ஒரு மருந்து வந்தது. அதன் வருவாயில் காணிகளுக்கும் பங்கு தரும் ஏற்பாடு உலகெங்கும் பேசப்பட்டது. ஏறுபவரின் உடலைப் பற்றிய அறிவு, கூட நடந்து மூச்சுவாங்கியவர்களுக்கே கிடைத்தது.

கையைப் பொறுத்தவரை தமிழ்நாட்டிலேயே ஒரு நீண்ட மரபு இருக்கிறது. 1914இல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட், மருத்துவம் படிப்பதற்கு முன் கட்டடவேலையும் தச்சும் பயின்றவர். 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அவர், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, வேறிடத்துத் தசைநாணைக் கொண்டுவந்து இணைத்து மீண்டும் இயங்கச் செய்தார். அறுவையோடு நிறுத்தவில்லை, குணமானவர்கள் தச்சுவேலை முதலிய கைத்தொழில்களைக் கற்றுக்கொள்ள இடம் அமைத்தார். எந்தக் கருவியின் பிடியில் எந்த விரல் புண்படுகிறது என்பதை அங்கே பார்த்துப் பிடியை மாற்றினார்கள். நோவு உணராத கைகள் எத்தனை அழுத்துகிறோம் என்று அறியாமல் தம்மைத் தாமே சிதைத்துக்கொள்வதையும் அவர் கண்டறிந்து எழுதினார். வலிமாத்திரையை விழுங்கிவிட்டு மறுபடி தொங்கும் பாறையேறிகள் அந்தப் பகுதியைப் படிக்க வேண்டும். சென்னை ஸ்டான்லியில் ஆர். வெங்கடசாமி வளர்த்த கை அறுவைத் துறையும், கோவை கங்கா மருத்துவமனையில் எஸ். ராஜசபாபதி வளர்த்த துறையும் இந்த நிலத்தில் கை மறுவாழ்வு என்பதை ஒரு தனிக்கலையாக்கின. ஆலையில் நாண் அறுந்தவர்களைக் குணமாக்கிய அந்தக் கலையில் பயின்ற சிகிச்சையாளருக்கு ஏ2 கப்பி அன்றாடச் சொல். ஆகவே வித்துராவின் மாணவர் 'பாறையேற்றம் அறிந்தவர்' என்று தேடுவதைவிட, 'கை மறுவாழ்வில் பயின்றவர்' என்று திருவனந்தபுரத்தில் விசாரிப்பதே விரைவில் பலன் தரும். அவருக்குக் கை தெரியும், பாறையை மாணவர் சொல்லிக்கொடுக்கலாம்.

நல்லவரை முதல் கால்மணி நேரத்திலேயே இனங்காணலாம். நோகும் விரலுக்கு முன் நோகாத கையைத் தொட்டுப் பார்ப்பார். ஓசை கேட்டதா என்று கேட்பார். இரு விரல் குழியில் பிடிக்கும்போது நோவு வந்து, எல்லா விரல்களையும் சேர்த்து நீட்டிப் பிடித்தால் மறைகிறது என்று சொன்னால், கப்பியை விட்டுவிட்டு உள்ளங்கையின் சிறுதசையை ஐயுறுவார். ஐயம் இருந்தால் ஸ்கேனுக்கு அனுப்பக் கூச்சப்படமாட்டார். வந்திருப்பவர் பதினான்கு பதினைந்து வயதுப் பிள்ளையாக இருந்து நடுமூட்டின் மேல்புறம் நோகிறது என்றால், முதலில் எக்ஸ்ரேதான் கேட்பார். வளரும் வயதில் நடுக்கணுவின் வளர்ச்சித்தட்டில் விரிசல் விழுவது பாறையேறும் சிறுவர்களிடம் அறியப்பட்ட ஒன்று, அதைச் சுளுக்கென்று விட்டால் விரல் கோணலாக வளரும்.

கிழிந்த முதல் வாரங்களில் எண்ணெய் தடவி அழுத்தி உழிபவரிடம் அந்த விரலைக் கொடுக்கலாகாது. தென்திருவிதாங்கூர் வர்ம மரபில் நுண்ணறிவு மிக்க ஆசான்கள் இருந்திருக்கிறார்கள். அவர்களிலும் விவரம் தெரிந்தவர் புதுக்கிழிசலில் கைவைக்கமாட்டார். வீக்கம் வற்ற உடனே ஊசி போடலாம் என்று சொல்லப்பட்டால், அது ஸ்டீராய்டா என்று கேட்டுக்கொள்வது நல்லது. மீண்டும் மீண்டும் போட்டால் நாணும் கப்பியும் நலிவடையும்.

மாணவர் தம் பங்குக்குக் கொண்டுபோக வேண்டியவை மிகச் சில. கதவுச்சட்டத்திலிருந்து கழற்றிய அந்த மரப்பட்டை, எடை தொங்கவிடும் தராசு ஒன்று, எந்த நாளில் எவ்வளவு நோவு என்று எழுதிய நோட்டு. பட்டையை மேசையில் வைத்து, விரலை மடித்து, "இப்படி" என்று காட்டினால் மலையாளமும் தமிழும் தடுமாறும் இடம் கடந்துபோகிறது. மருத்துவர் அந்தப் பட்டையைத் தாமே பிடித்துப் பார்த்தார் என்றால், சிகிச்சைக்கு அங்கேயே தேதி வாங்கிவிடலாம். முதல் வாரத்துக்குரிய சுமை சிறிதாகத்தான் இருக்கும்: தராசின் முள் 2 கிலோவைக் காட்டும்வரை, திறந்த பிடியில், பத்து நொடி, நாளைக்கு இரண்டு முறை.